கரண்ட் பில்லில் தொடங்கிய காற்றாலை

ஊராட்சி அலுவலகங்களுக்கு மாதந்தோறும் தவறாமல் வரும் தாள் ஒன்று உண்டு. குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, அலுவலகக் கட்டிடம் என எல்லாவற்றுக்குமான மின்கட்டண ரசீது அது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே திரண்டு கேட்கும். தெருவிளக்கு எரியாவிட்டால் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. பல ஊர்களில் வார்டு உறுப்பினர்களுக்கே அந்தத் தொகை தெரியாது.

கோவை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி இந்தக் கேள்வியைக் கேட்டது. அது பத்து ஆண்டுகளில் அந்த ஊரைச் சொந்தக் காற்றாலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. குஜராத்தில் ஆறு விவசாயிகள் பாசன மோட்டாரை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் சங்கம் அமைத்து மின்சாரம் விற்கத் தொடங்கினார்கள். இரண்டு அனுபவங்களிலும் நம் விவசாயிகளும் ஊராட்சிகளும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கவனமாக இருக்க வேண்டியதும் இருக்கிறது.

ஓடந்துறையில் ஏறிய பில்

மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்தது. பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி இது; பழங்குடியினர் வாழும் குடியிருப்புகளும் உண்டு. 1996-ல் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர். சண்முகம் 2006 வரை இரண்டு முறை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பிறகு அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார்.

தொடக்கத்தில் அங்கே பெரிய பிரச்சினை குடிநீர்தான். பவானி ஆறு பக்கத்தில் ஓடினாலும் வீட்டு வாசலில் தண்ணீர் இல்லை. ஊராட்சி குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. நீரேற்றி, சுத்திகரித்து, குடியிருப்புகளுக்குக் குழாயில் அனுப்பும் ஏற்பாடு அது. தெருவிளக்குகளும் கூடின. மக்களுக்கு நிம்மதி, ஊராட்சிக்குப் புதிய கவலை. மாதம் சில ஆயிரம் ரூபாயாக இருந்த மின்கட்டணம், சில ஆண்டுகளிலேயே 50,000 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது.

வசதி கூடக்கூட பில்லும் கூடும் என்பதை எல்லா ஊராட்சிகளும் அனுபவித்திருக்கும். தமிழகத்தில் ஊராட்சிகள் மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பதே இந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும். அந்தப் பணம் சாலைக்கோ வாய்க்கால் தூர்வாரவோ திரும்பி வராது. போனது போனதுதான்.

ஓடந்துறை ஊராட்சி இதை விதி என்று விட்டுவிடவில்லை. மின்சாரத்தை எங்கே குறைக்கலாம், எங்கே வேறு வழியில் பெறலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது.

சின்னச் சின்ன முயற்சிகள்

ஊராட்சி நேராகக் காற்றாலைக்குப் போய்விடவில்லை. முதலில் சில குடியிருப்புகளில் சூரிய சக்தித் தெருவிளக்குகள் வந்தன. அடுத்து 2003-ல், குடிநீர் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் திறனுள்ள மரக்கழிவு எரிவாயுக்கலன் அமைக்கப்பட்டது.

இதைச் சாண எரிவாயுக் கலனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சாண எரிவாயு, காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு. மரக்கழிவுக் கலனில், விறகுத் துண்டுகளைக் குறைந்த அளவு காற்றோடு சூடேற்றுகிறார்கள். முழுவதும் எரிந்து சாம்பலாகாமல், எரியக்கூடிய வாயு வெளிவரும். அதில் உள்ள தாரையும் தூசியையும் வடிகட்டி, குளிரவைத்து, எஞ்சினுக்குள் விடுவார்கள். எஞ்சின் ஓடினால் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் ஓடினால் மோட்டார் ஓடும். மர அறுவை மில்களின் கழிவை வைத்து ஓடந்துறையில் கலன் ஓடியது. மின்வாரிய மின்சாரத்தில் நீரேற்றுவதைவிடச் செலவு குறைந்தது.

இதிலும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. மரக்கழிவு சும்மா கிடைக்கும்வரை, அல்லது மலிவாகக் கிடைக்கும்வரைதான் இந்தக் கணக்கு சரிவரும். அதற்குச் செங்கல் சூளையும் கொதிகலன்களும் போட்டிக்கு வந்து விலை ஏறிவிட்டால் லாபம் கரைந்துவிடும். வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். தார் அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே ஒரு கலனை வாங்கும் முன், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எரிபொருள் எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும் என்பதைப் பார்க்க வேண்டும்.

என்றாலும் இந்தச் சிறு முயற்சிகளால் ஊராட்சிக்கு ஒரு பெரிய லாபம் கிடைத்தது. தன் ஊருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் தேவை, எந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்ற விவரம் கைக்கு வந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் அடுத்த படிக்குப் போயிருக்க முடியாது.

ஊருக்கு ஒரு காற்றாலை

அடுத்த படி 2006-ல். ஊராட்சி 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. மொத்தச் செலவு 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் கையிருப்பு. மீதி 1.15 கோடி வங்கிக் கடன்.

இந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நிற்கிறது. காரணம் எளிது. மலையடிவாரத்தில் ஒதுங்கியிருக்கும் ஓடந்துறையில் காற்றாலைக்கு வேண்டிய காற்று இல்லை. உடுமலை வட்டாரமோ பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே வழிவிடுவதால், தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளி வழியே விசையோடு பாய்ந்து வரும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் காற்றாடிகள் நிற்பது இதனால்தான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இப்படித்தான்.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும் என்பது மதிப்பீடு. ஓடந்துறையின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். ஆக, ஊரின் தேவைபோக இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். அது மின்வாரியத்துக்கு விற்பனைக்கு. வரும் வருமானத்தில் வங்கித் தவணையைக் கட்டுவது என்பது ஏற்பாடு.

இந்த எண்களை விவசாயிகள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 350 கிலோவாட் காற்றாலை ஆண்டு முழுவதும், இரவும் பகலும் முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வரவேண்டும். ஆனால் எதிர்பார்ப்பு 6.75 லட்சம்தான். அதாவது முழுத் திறனில் நூற்றுக்கு 22 பங்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்றின் இயல்பே அதுதான். மே முதல் செப்டம்பர் வரை சுழன்று அடிக்கும். மற்ற மாதங்களில் ஓய்ந்துவிடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்தும். “350 கிலோவாட் இயந்திரம், இத்தனை யூனிட் வரும்” என்று முழுத் திறனைக் காட்டிக் கணக்குப் போடும் முகவரை நம்பக் கூடாது.

இன்னொரு கணக்கு. 6.75 லட்சம் யூனிட் வீதம் 20 ஆண்டுகளுக்கு 135 லட்சம் யூனிட். 1.55 கோடியை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 15 காசு. வட்டி, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் இதற்கு மேல் சேரும். சேர்த்தாலும் 20 ஆண்டுகளுக்கு விலை ஓரளவு கைக்குள் நிற்கும் மின்சாரம் அது. வெளியில் கட்டணம் ஏறினாலும் போட்ட முதல் ஏறப்போவதில்லை. ஊராட்சி ஒன்று துணிந்து கடன் வாங்கியதன் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

மைவாடிக் காற்று ஓடந்துறைக்கு வருவது எப்படி?

உடுமலையில் உற்பத்தியான மின்சாரம் மேட்டுப்பாளையத்துக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். வங்கியை நினைத்தால் எளிதில் புரியும். உடுமலைக் கிளையில் போட்ட பணத்தை மேட்டுப்பாளையம் கிளையில் எடுக்கிறோம். போட்ட அதே நோட்டு லாரியில் ஏறி வருவதில்லை. கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. மின்சாரமும் அப்படித்தான். காற்றாலையில் உள்ள மீட்டர், கம்பியில் ஏற்றிய யூனிட்டைக் கணக்கிடும். பயன்படுத்தும் இடத்து மீட்டர், எடுத்த யூனிட்டைக் கணக்கிடும். இரண்டையும் மின்வாரியம் நேர்செய்துகொள்ளும். கம்பியைப் பயன்படுத்தியதற்குக் கட்டணம் பிடிக்கும். நேர்செய்யாமல் முழுவதையும் மின்வாரியத்துக்கே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பில்லைக் கட்டும் முறையும் உண்டு.

இந்த விதிகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. 2006-ல் இருந்த கட்டணமும் சலுகையும் இன்று அப்படியே இல்லை. காற்று வீசும் மாதங்களில் செலுத்திய மின்சாரத்தை மற்ற மாதங்களுக்குச் சேமித்து வைக்கும் விதியும் மாறிக்கொண்டே வருகிறது. எனவே “ஓடந்துறை செய்தது, நாமும் செய்வோம்” என்று தொடங்கிவிட முடியாது. இன்றைய விதி என்ன, இன்றைய கொள்முதல் விலை என்ன என்பதை மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கணக்குப் போட வேண்டும்.

பாசன மோட்டாருக்கு என்ன வழி?

ஓடந்துறை ஊராட்சி செய்தது குடிநீருக்கும் தெருவிளக்குக்குமான ஏற்பாடு. விவசாயியின் கிணற்று மோட்டாருக்கு இது பொருந்துமா?

தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசம். மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் பல ஆண்டுகள் போராடி, துப்பாக்கிச்சூட்டில் உயிரையும் கொடுத்துப் பெற்ற உரிமை அது. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. எனவே “பில்லைப் பாருங்கள்” என்று விவசாயியிடம் சொன்னால், “எனக்கு ஏது பில்?” என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனால் பில் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் டீசல் எஞ்சினை ஓட்டுகிறார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும் என்பதால், நள்ளிரவில் பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே மோட்டார் அறைக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணற்றில் கூடுதல் குழாய் இறக்கவும் பெரிய மோட்டார் மாட்டவும் ஆகும் செலவு விவசாயியுடையதுதான்.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு பக்கமிருந்து விடை தேடிப்பார்த்த ஊர், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி.

பால் சங்கம் போல ஒரு மின் சங்கம்

துண்டி கிராம விவசாயிகள் டீசல் எஞ்சினை நம்பியிருந்தவர்கள். 2016-ல் அங்கே ஆறு விவசாயிகள் சேர்ந்து, சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் இதற்கு வழிகாட்டி, முதலீட்டின் பெரும்பகுதியையும் ஏற்றது. உறுப்பினர்கள் தங்கள் பங்காக ஒரு தொகையைப் போட்டார்கள்.

5 எச்.பி. மோட்டாருக்கு 8 கிலோவாட், 7.5 எச்.பி. மோட்டாருக்கு 10.8 கிலோவாட் என்று சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. ஆறு பேருக்கும் சேர்த்து 56.4 கிலோவாட். பாசனம் வேண்டும்போது பகலிலேயே மோட்டாரை ஓட்டலாம். மோட்டார் ஓடாத நேரத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் கம்பி வழியே மின் நிறுவனத்துக்குப் போகும்.

சூரிய சக்தி மோட்டார் நம் ஊரிலும் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தருகிறது. ஆனால் மின் கம்பியோடு சேராத மோட்டாரில், அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் தகடு வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். துண்டியில் அந்தச் சும்மா இருக்கும் நாளும் வருமானம் தரும் நாளாக மாறியது.

ஆறு விவசாயிகளும் தனித்தனியே மின் நிறுவனத்திடம் போகவில்லை. ஊரில் பலர் கொண்டுவரும் பாலைச் சங்கத்தில் அளந்து, ஒன்றாகச் சேர்த்து, ஒரே வண்டியில் பண்ணைக்கு அனுப்புவது போல, ஆறு பேரின் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரே மீட்டர் வழியே போனது. மின் நிறுவனம் சங்கத்துக்குப் பணம் கொடுக்கும். ஒவ்வொருவர் தோட்டத்திலும் உள்ள மீட்டரைப் பார்த்துச் சங்கம் பிரித்துக் கொடுக்கும். ஆறு பேரின் மீட்டரையும் தனித்தனியே பார்த்து, ஆறு பில் போடும் வேலை மின் நிறுவனத்துக்கு மிச்சம்.

மின் நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. தூய மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசு, நிலத்தடி நீரைச் சேமிப்பதற்காக 1 ரூபாய் 25 காசு என்று திட்டத்தை நடத்தியவர்கள் ஊக்கத்தொகை சேர்த்தார்கள். மொத்தம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 13 காசு.

இதில் தண்ணீர் எங்கே சேமிக்கப்படுகிறது? ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 8 கிலோவாட் என்றால் 32 யூனிட். மோட்டாரைப் போடாத ஒரு நாளுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 148 ரூபாய். ஊக்கத்தொகையோடு சேர்த்தால் 228 ரூபாய். தேவையில்லாமல் மோட்டாரை ஓடவிட்டால் அந்தப் பணம் போய்விடும். மின்சாரம் சும்மா கிடைக்கும்போது, மடை திறந்தே கிடந்தாலும் பையில் இருந்து எதுவும் போவதில்லை. மின்சாரத்துக்கு விலை கிடைக்கும்போது, ஒரு மணி நேரம் முன்னதாக மோட்டாரை நிறுத்துவதும் சொட்டுநீர் போடுவதும் வரவாகிவிடுகிறது. தண்ணீரைச் சேமியுங்கள் என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய நிபந்தனை

துண்டியின் வெற்றியைச் சொல்லும்போது, அதன் நிபந்தனையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆறு விவசாயிகளும் 25 ஆண்டுகளுக்கு மானிய விலை மின் இணைப்பு கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டீசலில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. இலவச மின்சாரம் வைத்திருக்கும் தமிழக விவசாயிக்கு நிலைமை வேறு. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே “இலவசத்தைப் பறிக்க வழி பார்க்கிறார்கள்” என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்தைப் போக்காமல் எந்தத் திட்டமும் இங்கே நகராது. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் எந்தத் தாளிலும், வரியை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

விலையும் அப்படித்தான். துண்டியில் கிடைத்த 7 ரூபாய் 13 காசு, ஊக்கத்தொகை சேர்ந்த சோதனைத் திட்டத்தின் விலை. எல்லா இடத்திலும் அந்த விலை கிடைக்காது. 2018-ல் குஜராத் அரசு தொடங்கிய விவசாயிகளுக்கான சூரிய சக்தித் திட்டத்தில், முதல் 7 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய், அதன்பிறகு 18 ஆண்டுகளுக்கு 3 ரூபாய் 50 காசு என்று அறிவிக்கப்பட்டது. எட்டாம் ஆண்டில் வருமானம் பாதியாகும் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் கடன் வாங்க வேண்டும். அதே ஆண்டில் ஆனந்த் மாவட்டத்தின் முஜ்குவா கிராமத்திலும், தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு, 11 விவசாயிகள் சேர்ந்த மின் சங்கம் ஒன்று செயல்படத் தொடங்கியது.

மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. ஒன்று, துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையம் அமைத்து மின்சாரம் விற்பது. தனி விவசாயி, விவசாயிகள் குழு, கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஊராட்சி ஆகியவை இதில் சேரலாம். இரண்டாவது, மின் கம்பி எட்டாத இடங்களுக்குத் தனித்து இயங்கும் சூரிய மோட்டார். மூன்றாவது, ஏற்கெனவே இணைப்புள்ள மோட்டார்களைச் சூரிய சக்திக்கு மாற்றுவது. ஒரு மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். விளைச்சல் தரும் நிலத்தை இதற்குக் கொடுக்காமல், பயிர் ஏறாத நிலத்தை ஒதுக்குவதே புத்திசாலித்தனம். திட்டக் காலமும் மானியமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலவரத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் எங்கே தொடங்குவது?

கோடி ரூபாய் இருந்தால்தான் தொடங்க முடியும் என்பதில்லை. ஓடந்துறையும் அங்கிருந்து தொடங்கவில்லை. எந்த ஊராட்சியும் அடுத்த மாதமே செய்யக்கூடிய வேலைகள் இவை.

முதல் வேலை: ஊராட்சி உறுப்பினர், டேங்க் ஆபரேட்டர், சுய உதவிக் குழுப் பெண்கள், மின் வேலை தெரிந்த இளைஞர், இரண்டு மூன்று விவசாயிகள் என ஐந்தாறு பேர் கொண்ட குழுவை அமைப்பது. கிராம சபையில் பெயர் சொல்லி, ஒப்புதல் பெற்று அமைக்க வேண்டும்.

இரண்டாவது: கடந்த 12 மாத ரசீதுகளை எடுத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை யூனிட் என்று ஒரு நோட்டில் எழுதுவது. எந்த மோட்டார் அதிகம் இழுக்கிறது, பயன்பாட்டில் இல்லாத இணைப்புக்குப் பணம் போகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது: ஒழுகலை அடைப்பது. 7.5 எச்.பி. குடிநீர் மோட்டார், தொட்டி நிரம்பிய பிறகும் தினம் ஒரு மணி நேரம் ஓடினால், நாளொன்றுக்கு 6 யூனிட்டாவது வீண். ஆண்டுக்கு 2,000 யூனிட்டைத் தாண்டும். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் கருவி இதைத் தடுக்கும். பழைய குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து சுமார் 50 வாட் எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு போட்டால் 30 வாட் மிச்சம். இரவு 12 மணி நேரம் எரியும் 200 விளக்குகளில் ஆண்டுக்கு 26,000 யூனிட் குறையும். விடிந்த பிறகும் எரியும் விளக்கை அணைக்க, செலவே இல்லை. பொறுப்பான ஒரு ஆள் போதும்.

நான்காவது: குறைத்தது போக மீதித் தேவை எவ்வளவு என்று கண்டு, அதற்கு ஏற்ற அளவில் உற்பத்தியை யோசிப்பது. தேவையைக் குறைக்காமல் தகடு வாங்கினால், ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஊராட்சிக் கட்டிடம், பள்ளி, சமுதாயக் கூடம் ஆகியவற்றின் கூரைகள் தகடு பதிக்க ஏற்ற இடங்கள். நிழல் விழாத கூரையா, பாரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது: பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது. மானியத்தில் வந்த சூரிய விளக்குகள் பேட்டரி செத்து வெறும் கம்பமாக நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். மிச்சமான மின்கட்டணத்தில் ஒரு பங்கைத் தனியே போட்டு வைத்தால், பேட்டரி மாற்றவும் தகட்டைத் துடைக்கவும் யாரிடமும் கையேந்த வேண்டாம்.

ஆறாவது: கணக்கை ஊருக்குச் சொல்வது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் “இத்தனை யூனிட் செலவு, இத்தனை மிச்சம், மிச்சப் பணத்தில் இது செய்தோம்” என்று வாசித்தால் போதும். தலைவர் மாறினாலும், கட்சி மாறினாலும், ஊருக்குத் தெரிந்த கணக்கை யாரும் எளிதில் கைவிட முடியாது. ஊரின் பெயரில் 20 ஆண்டு ஓட வேண்டிய இயந்திரத்தை வாங்குகிறோம். தலைவரின் பதவிக் காலமோ ஐந்து ஆண்டு. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது கிராம சபை மட்டுமே.

விவசாயிகளும் தங்கள் அளவில் இதைச் செய்யலாம். மின்சாரம் இலவசம் என்றாலும், மோட்டார் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு நாட்காட்டியில் குறித்து வரலாம். நாளைக்கு மின்சாரம் விற்கும் வாய்ப்பு நம் ஊருக்கு வந்தால், ஒப்பந்தத்தில் வரும் விலை நமக்குக் கட்டுமா கட்டாதா என்று சொல்ல அந்தக் குறிப்பு கையில் இருக்கும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, கிணறு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “போன வருஷம் நம்ம ஊராட்சி எத்தனை யூனிட் கரண்டுக்குப் பணம் கட்டுச்சு?” பதில் உடனே வந்தால் உங்கள் ஊர் அடுத்த வேலைக்குத் தயார். வராவிட்டால், அந்தப் பதிலைத் தேடுவதுதான் முதல் வேலை.